வலது ஓரத்தில் நின்றவள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளை ஒரே பிள்ளை என்றார்கள். நாத்தனார் கிடையாது, மச்சினர் கிடையாது, ஈப்போவில் டிவி ரிப்பேர் கடை, கடைக்கு மேலேயே வீடு. சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டி என்னைத் தனியாக வளர்த்த அம்மாவுக்கு இதற்கு மேல் கேட்க எதுவும் இருக்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்குத்தான் கேலி செய்ய ஒரு விஷயம் கிடைத்தது. எழுபதுகளில் எங்கள் தோட்டத்தில் டிவி இருந்தது கணக்கு எழுதும் கிராணி வீட்டில் மட்டும். படம் போடும் நாளில் அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, முன்னால் நிற்பவளின் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் தெரிந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இனிமேல் உனக்கு வீடு நிறைய டிவிதான் என்றார்கள்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நடந்தது, ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில். கல்யாணத்தை வீடியோ எடுக்கும் பழக்கம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. என் கணவரின் கூட்டாளி ஒருவர் எங்கிருந்தோ ஒரு கேமராவைக் கொண்டுவந்திருந்தார். அதைத் தோளில் வைத்து மாலை வரவேற்பையும் பந்தியையும் எடுத்தார். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் விளக்கின் ஒயர் எட்டவில்லை என்று கேமராவை மணவறைக்கு எதிரே முக்காலியில் நிறுத்திவிட்டார். அது அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது என்பதைத் தவிர அன்றைக்கு நான் வேறு எதையும் கவனிக்கவில்லை. தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் என் கணவரின் சித்தப்பா மகள். சொந்த அக்கா தங்கை இல்லாததால் அவள் போடுகிறாள் என்று யாரோ என் காதருகே சொன்னது நினைவிருக்கிறது.

புகுந்த வீடு கடைவரிசையில் மேல்மாடி. மரப்படி முடியும் இடத்தில் ஓர் இரும்புக் கம்பிக் கதவு. அதற்குப் பூட்டு உண்டு, சாவி கீழே கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமனாரிடம். திருட்டுப் பயம் என்று சொன்னார்கள். வெளியே போக வேண்டுமென்றால் மேலிருந்து குரல் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு படியாக ஏறி வந்து, பூட்டில் சாவியை வைத்துக்கொண்டு, எங்கே என்று கேட்பார். அதட்டிக் கேட்க மாட்டார். என் பதில் போதாது என்பதுபோல் இன்னும் கொஞ்சம் காத்திருப்பார். ஊசி வாங்க, கோயிலுக்கு, சும்மா நடந்துவிட்டு வர என்று எதைச் சொன்னாலும் சொல்லி முடிக்கும்போது எனக்கே அது பொய் மாதிரி ஒலிக்கும். ஊசியை அவரே வாங்கி வந்து தருவார். இரண்டாவது மாதத்தில் நான் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று கணவரிடம் கேட்டபோது, அப்பாவிடம் சொல்கிறேன் என்றார். அவர் நல்லவர். கடையில் நாள் முழுக்கப் பிறர் வீட்டு டிவிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மேலே வந்ததும் சாப்பிட்டுவிட்டு, அப்பா முன்னால் உட்காராமல் சுவரில் சாய்ந்து நிற்பார். அப்பாவிடம் அவர் என்ன சொன்னார் என்பதோ, சொன்னாரா என்பதோ எனக்குத் தெரியாது. தோட்டத்தில் போன் கிடையாது. அம்மா ஒரே ஒரு முறை பஸ் ஏறி வந்தாள். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். மறுநாள் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்று வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டாள். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்குவதைப் பார்த்தேன்.

அதனால்தான் கல்யாண வீடியோவுக்காக அப்படிக் காத்திருந்தேன். அதில் அம்மா இருப்பாள்.

கேசட் வந்த அன்று சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். மாமனாருக்கு மட்டும் நாற்காலி. மாமியார் சமையலறை வாசலில் நின்றார். அவர் எப்போதும் அங்கேதான் நிற்பார், உட்காரச் சொன்னாலும் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்வார். தாலி கட்டும் காட்சி வந்தது. திரையின் இடது ஓரத்தில், எனக்குப் பின்னால், நீலப் புடவையில் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தி மெதுவாக, "அது நம்ம பெரியவதானே?" என்றார்.

வலது ஓரத்தில் மண்டபத்துத் தூணை ஒட்டி ஒரு பெண் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தோடு சேராமல், அவர்களுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். பச்சைப் புடவை. முகம் அப்படியே என் கணவரின் முகம். முடிச்சுப் போடும் நேரத்தில் எல்லோரும் அட்சதை போட்டார்கள். அவளும் கையை நன்றாக ஓங்கி, தூரத்திலிருந்து போடுபவள்போல வீசினாள். அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மாமனார் எழுந்து போய் டிவியை அணைத்தார். எல்லோரும் கலைந்தார்கள். யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. அன்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது கணவரிடம் கேட்டேன். அக்கா என்றார். டைப்பிங் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்த நாளில் ஒரு சீனரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், ஏழெட்டு வருஷம் இருக்கும் என்றார். கம்பிக் கதவு அதற்குப் பிறகு வந்தது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எவளோ ஒருத்திக்காகச் செய்த பூட்டு என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் பழைய சிநேகிதர்கள் குடும்பத்தோடு கல்யாண வீடியோ பார்க்க வருவதாக இருந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு மரியாதை. வராதே என்று சொல்ல முடியாது. அவளை எடுத்துவிடு என்று மாமனார் சொன்னார். கேசட் என்பது கத்தரித்து ஒட்டுகிற பொருள் இல்லை, அவள் நிற்கிற இடத்தை அழித்தால் தாலி கட்டுவதும் சேர்ந்து போய்விடும் என்று கணவர் சொன்னார். மாமனார், "அந்த ஓரம் தெரியக்கூடாது. என்னமோ பண்ணு" என்றார்.

கணவர் டிவியின் பின்மூடியைக் கழற்றினார். படத்தை இடம் மாற்ற முடியுமா என்று முதலில் பார்த்தார். கொஞ்சம்தான் நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. அதென்ன கறுப்பு என்று மாமனார் கேட்டதும் அதைப் பழையபடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சியை உள்ளே விட்டு எதையோ திருகினார். படம் பக்கவாட்டில் இழுபட்டது. அந்தப் பெண்ணின் முகம் பாதியானது, தோள் மட்டும் தெரிந்தது, பிறகு தூண் மட்டும் இருந்தது. எங்கள் எல்லோருடைய முகமும் அகலமாகிவிட்டது. "என்னடா, எல்லாரும் ஊதிப்போயி இருக்காங்க" என்றார் மாமனார். அதைச் சரிக்கட்டக் கணவர் உயரத்தையும் கூட்டினார். மணவறைத் தோரணம் மேலே போய்விட்டது, எங்கள் பாதங்கள் கீழே போய்விட்டன. இப்போது பரவாயில்லை என்றார் மாமனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பார்த்துவிட்டு அருமையாக எடுத்திருக்கிறார்கள் என்று பாராட்டினார்கள். தாலி கட்டும்போது அட்சதை எங்கள்மேல் பல பக்கத்திலிருந்தும் விழுந்தது. வலது பக்கம் யாரும் இல்லாத இடத்திலிருந்து ஒரு கைப்பிடி அரிசி பறந்து வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நீலப் புடவையின் ஒரு மடிப்பு, அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு கணவரிடம் சொன்னேன். "எங்கம்மாவும் போயிட்டாங்க."

அவர் கையில் காப்பிக் குவளையோடு நின்றார். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "ரெண்டு பக்கமும் சேந்துதான் போவும். ஒரு பக்கம் மட்டும் எடுக்க வழி இல்ல. சூசாலா, ரொம்பக் கஷ்டம்" என்றார்.

அந்த டிவியைப் பழையபடி ஆக்க மாமனார் விடவில்லை. யார் எப்போது வருவார்களோ, ஒவ்வொரு தடவையும் திறந்து மூட முடியாது என்றார். கேசட் டிவியின் தலைமேலேயே இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த எல்லாமே அந்தக் கல்யாணத்துக்குப் பொருந்துகிற அளவில்தான் வந்தது. தமிழ்ச் செய்தி வாசிப்பவருக்கு நெற்றி இருக்காது. வாராவாரம் போடும் தமிழ்ப் படத்தில் கீழே ஓடுகிற மலாய் எழுத்துகளில் மேல் பாதிதான் தெரியும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இருவருக்கும் முதுகு இருக்காது. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, மத்தியான வேளையில் தனியாக அதன் எதிரில் உட்காரும்போது மூச்சு முட்டுவதுபோல வந்தது. எல்லா முகங்களும் அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றன. பின்னால் நகர யாருக்கும் இடம் இல்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனால் எதிர்க்கடை மாடியின் மூடிய ஜன்னல்கள். கீழே தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பியில் கன்னத்தை அழுத்த வேண்டும்.

படத்தை எப்படிக் குறைப்பது என்று ஒரு நாள் கணவரிடம் கேட்டேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. பின்மூடியைத் திறந்து, எந்த இடத்தில் குச்சியை வைக்க வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று காட்டினார். இரும்பு எதையும் உள்ளே விடக்கூடாது, வளையலைக் கழற்றிவிட வேண்டும், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும் என்றார். மூடியை மாட்டும்போது இரண்டே திருகாணிகளை மட்டும் போட்டுவிட்டு மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைக் குச்சியைக் கடைக்கு எடுத்துப் போகவில்லை.

ஆனாலும் எனக்குத் தைரியம் வரவில்லை. சில வாரங்கள் அப்படியே போயின. வியாழக்கிழமைதோறும் மாமனார் மத்தியானத்தில் சாமான் எடுக்க மொத்தக் கடைக்குப் போவார். மூன்று மணி நேரமாவது ஆகும். அப்படி ஒரு வியாழக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெட்டிய முன்ன மாரி ஆக்க உனக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன். உங்கள் மகன் சொன்னாரா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, நீங்கள் இரண்டு பேரும் பின்பக்கம் நின்று பேசியதைப் பார்த்தேன் என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக, டிவிக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்தார்.

கேசட்டைப் போட்டு, தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டி, நான் பின்பக்கம் போனேன். மூடியைக் கழற்றினேன். வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். உள்ளே சூடாக, தூசு கருகும் வாடை. இடது கையை முதுகில் வைத்துக்கொண்டு குச்சியை நீட்டினேன். திருகத் தொடங்கினேன். பின்னால் இருப்பவளுக்குப் படம் தெரியாது. நாதஸ்வரச் சத்தம் மட்டும் கேட்கும். மாமியார்தான் சொல்ல வேண்டும். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தப்பான எதையாவது திருகிவிட்டேனோ என்று பயந்தேன்.

அப்புறம் அவர் குரல் வந்தது. "உங்கம்மா வந்துட்டாங்க."

இன்னும் கொஞ்சம் திருகினேன். எட்டிப் பார்த்தேன். மாமியார் முழங்காலில் நகர்ந்து திரைக்குப் பக்கத்தில் போயிருந்தார். கையை வலது ஓரத்தில் கண்ணாடிமேல் வைத்திருந்தார். திரையின் மின்சாரத்தில் அவர் முன்கை மயிர் சிலிர்த்து நின்றது.

"மெலிஞ்சு போயிட்டா" என்றார்.

அகலத்தை மட்டும்தான் குறைத்திருக்கிறேன், உயரம் அப்படியே இருக்கிறது, அதனால் எல்லோரும் ஒல்லியாகத்தான் தெரிவார்கள் என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. எல்லோரும் எப்படியோ, இவள் மெலிந்துதான் இருக்கிறாள் என்றார். கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தோம். அவர் தன் ஓரத்தைப் பார்த்தார், நான் என் ஓரத்தைப் பார்த்தேன். நடுவில் எனக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் வருவதற்குள் படத்தை மறுபடி பெரிதாக்கினேன். இந்த முறை மாமியார், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "போயிட்டாங்க" என்றார்.

அது வியாழக்கிழமை வழக்கமாகிவிட்டது. அந்த மூன்று மணி நேரத்தில் மாமியார் பேசுவார். மகளைப் பற்றி அதிகம் இல்லை. மகள் போன பிறகு தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைப் பற்றி. அழுகிறாயா என்று கூடக் கேட்கவில்லை, கதவைப் போட்டார்கள், அவ்வளவுதான் என்றார். கூடத்தில் ஏன் உட்கார மாட்டீர்கள் என்று கேட்டதற்கு, "உக்காந்தா எழுந்திரிக்கத் தோணாதும்மா" என்றார். அவருக்கு அந்தக் கதவுக்குள் ஏழெட்டு வருஷம். எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் நானும் இப்படித்தான் ஆகப்போகிறேன் என்று தோன்றும். அவரிடம் அதைச் சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை நடுவிலேயே கரண்ட் போய்விட்டது. படம் இரண்டு ஓரமும் தெரியும்படி முழுதாகத் திறந்திருந்தது. இருட்டிய திரையை வைத்துக்கொண்டு அளவைக் குறைக்கவோ கூட்டவோ முடியாது, எதைப் பார்த்துத் திருகுவது? கேசட்டும் வீடியோ மெஷினுக்குள் மாட்டிக்கொண்டது, கரண்ட் இல்லாமல் வெளியே வராது. இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று இருவரும் விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் பின்மூடியை மாட்டி வளையலைப் போட்டுக்கொண்டேன். மாமனார் ஏறி வந்தார். வெக்கை என்று சட்டையைக் கழற்றினார். கரண்ட் வந்தபோது மாலையாகிவிட்டது. அதே நேரத்தில் லூமுட்டிலிருந்து அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் கருவாட்டுப் பொட்டலத்தோடு படியேறி வந்தார்கள். கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர்கள்.

மாமனார் தன் கையாலேயே மெஷினைப் போட்டார். நான் சமையலறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் கேட்டதும் குவளையைக் கீழே வைத்துவிட்டேன். மாமியார் வழக்கம்போல் வாசலில் நின்றிருந்தார். அவர் தோளுக்கு மேலாகத் தெரிந்தது, இடது ஓரத்தில் என் அம்மா, வலது ஓரத்தில் அவள்.

தங்கைக்கு எந்தக் கபடமும் தெரியாது. சந்தோஷத்தோடு, "பெரியவளும் வந்திருந்தாளாண்ணே? நல்லதாப் போச்சு" என்றார்.

மாமனார் எழுந்திருக்கவில்லை. விருந்தாளி முன்னால் எழுந்து போய் அணைக்க முடியாது. ம் என்றார். அவள் கையை ஓங்கி அட்சதை வீசுவதையும், கையைத் துடைத்துக்கொள்வதையும், அதற்குப் பிறகு வெகுநேரம் தூணோரம் நின்றுகொண்டிருப்பதையும் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவருடைய முதுகைத்தான் நான் பார்த்தேன். சட்டையில்லாத முதுகு, வேர்த்திருந்தது.

அவர்கள் கிளம்பியதும் யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றார் மாமியார். நானும்தான் என்றேன். அவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மகனைப் பார்த்து, நாளைக்கு இதைக் கீழே கொண்டு போ என்றார்.

டிவி கீழே போயிற்று. கேசட் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் வீட்டு டிவிகள் கீழே ஓடுவது மரத்தரை வழியாக எங்களுக்குக் கேட்கும். பேச்சுச் சத்தம், பாட்டு, விளம்பரம், பாதியில் நின்றுபோகும். மேலே ஒரு சத்தமும் இல்லை. வியாழக்கிழமைகளில் மாமனார் இப்போது மகனை அனுப்பிவிட்டுத் தானே கடையில் இருந்தார். நானும் மாமியாரும் ஒரு சொல்கூடப் பேசாமல் சமைத்த நாட்கள் உண்டு. சண்டை இல்லை, கோபம் இல்லை. பேசினால் எங்கே போய் முடியுமோ என்ற பயம்தான். தீபாவளி வந்தது, போனது. அம்மா வரவில்லை, தோட்டத்தில் ஏதோ ஆள் குறைப்பு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்றும் பேச்சு இருந்தது. நான் ஒரு நாள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, வெளியே வரப் பிடிக்காமல் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் நானே உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு நாள் காலையில், சாப்பிட உட்கார்ந்த கணவர், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாமனார் கீழே கடை திறந்துகொண்டிருந்தார். மாமியார் கரண்டியோடு நின்றார். உனக்கு எப்படித் தெரியும் என்றார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவள் லகாட்டில்தான் இருக்கிறாள். எங்கள் வாசலில் பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்தப் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கப் போகும்போதெல்லாம் கணவர் அவள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். அவள் புருஷன் லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், இயந்திரம் பழுது பார்ப்பவர். கல்யாணத்துக்கு வரச் சொன்னதும் என் கணவர்தான். வந்தால் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடு என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

மாமியார் மகனைத் திட்டவில்லை. எத்தனாவது குழந்தை என்று மட்டும் கேட்டார். மூன்றாவது என்றார் அவர். மாமியார் வாய்க்குள், மூணாவது, என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவர் ஒரு பையில் பூண்டு, மிளகு, நல்லெண்ணெய், பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து மடித்த துணிகள், எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். என்னையும் புடவை மாற்றச் சொன்னார். உடனே கிளம்பவில்லை. படித்தலைப்பில் நின்று கீழே காது கொடுத்தார். கடையில் கூட்டம் சேரும் நேரத்துக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாலைந்து பேர் குரல் கேட்கத் தொடங்கியதும் கூப்பிட்டார். கதவைத் திறங்க என்றார், கீழே எல்லோருக்கும் கேட்கும்படி.

மாமனார் ஏறி வந்தார். பூட்டில் சாவியை வைத்தார். எங்கே என்றார்.

"லகாட்டுக்கு. மக வீட்டுக்குப் போறேன்."

கீழே பேச்சு நின்றுவிட்டது. மாமனார் சாவியைப் பிடித்தபடி நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். அவருக்கு மூச்சு வாங்கியது, படியேறியதனாலோ என்னவோ. மாமியார் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். வேறு எதுவும் சொல்லவில்லை. சாவி திரும்பியது. அவர் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

பஸ்ஸில் மாமியார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ஈப்போவை விட்டு வெளியே வந்ததும் சுண்ணாம்புக் குன்றுகளும், லம்பம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளும் வரும். இவ்வளவு பக்கமா, இவ்வளவு பக்கமா என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீடு பலகையும் தகரமுமாகக் கட்டியது. வாசலில் இரண்டு குழந்தைகள் சீன மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கட்டிலில், நான் திரை ஓரத்தில் மட்டுமே பார்த்திருந்த அந்த முகம். அவள் மெலிந்திருக்கவில்லை. நன்றாகத் தடித்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழ முயன்றாள், முடியவில்லை. மாமியார் அவளைத் தொடுவதற்கு முன்பு அடுப்பு எங்கே என்று கேட்டார். பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் திரும்பி வந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டார்.

நான் வெளியே குழந்தைகளோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் என்னைக் கூப்பிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துல ரொம்ப பயந்துபோயி இருந்தியே, இப்ப எப்படி இருக்கே?" என்றாள். சிரித்தேன். என்னிடம் அப்படி ஒரு கேள்வியை அந்த ஒரு வருஷத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அவள் தன் பக்கத்தில் கட்டிலில் இடம் விட்டாள்.

மாமியார் அன்று திரும்பவில்லை. முப்பது நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லச் சொன்னார். நான் மட்டும் மாலை பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தபோது சந்தோஷமாக இல்லை. திரும்பி அதே படிகளுக்குத்தான் போகிறேன், இப்போது மேலே எனக்குத் துணையும் இல்லை என்றுதான் தோன்றியது. கடையில் மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அத்தை இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள் என்றேன். அவர் எழுந்து என் பின்னாலேயே படியேறி வந்து கதவைத் திறந்துவிட்டார். நான் உள்ளே போனதும் பூட்டினார்.

இரண்டு நாள் கழித்து நான் படித்தலைப்பில் நின்று குரல் கொடுத்தேன். வந்தார். எங்கே என்று கேட்டார். சிலிம் ரிவருக்கு, அம்மாவைப் பார்க்க, ராத்திரி தங்கிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றேன். அவர் காத்திருந்தார், எப்போதும்போல. நான் மேற்கொண்டு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. மாமியாரைப் பார்த்திருக்காவிட்டால் அவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லாமல் நிற்க எனக்கு வந்திருக்காது. கதவு திறந்தது.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாமியார் திரும்பி வந்த பிறகு மாதம் ஒரு முறை லகாட் போனார், ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் போனார். மாமனார் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கதவு இன்னும் சில வருஷங்கள் பூட்டியேதான் இருந்தது. அவருக்கு முழங்கால் வலி வந்து படியேற முடியாமல் போனபோதுதான் சாவி மேலே வந்தது. அதற்குள் அந்தத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தை இடித்தார்கள். அம்மா ஈப்போவுக்கு வந்து பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனாள். மாமனார் இருந்தவரை நாத்தனார் அந்தப் படிகளில் ஏறவில்லை. நானும் கணவரும் வேறு வீடு பார்க்கலாம் என்று பல தடவை பேசினோம். பேசியதோடு சரி.

மாமியார் லகாட்டில் இருந்த அந்த முப்பது நாளில் மாமனாருக்கு நான்தான் சோறு போட்டேன். பேச்சே இருக்காது. தட்டு, தண்ணீர், ரசம். ஒரு மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"என்ன பிள்ளை?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "பொண்ணு மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.